ஹேக் நகருக்குச் சென்ற ஏரி

சென்னையின் மேற்குப் புறநகரில் 'ஏரி' என்ற சொல் பல வேளைகளில் நீரைக் குறிப்பதில்லை. முகப்பேரில் 'ஏரி ஸ்கீம்' என்றொரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே வீடுகள் உண்டு, கடைகள் உண்டு, பள்ளிகள் உண்டு. ஏரி மட்டும் இல்லை. நீர் போன பின்னும் பெயர் நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோவில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லி இறங்குகிறவர்கள், தாம் ஒரு மறைந்த நீர்நிலையின் பெயரை உச்சரிக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நாமும் நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை.

அதே புறநகரில் மற்றொரு சொல்லும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. அரசு அறிக்கைகளிலும் பள்ளிப் பாடநூல்களிலும் கருத்தரங்கப் பதாகைகளிலும் இடம்பெறும் 'வளங்குன்றா வளர்ச்சி' என்ற தொடர்தான் அது. மேலைநாட்டு மாநாட்டு மண்டபங்களில் பிறந்து, மொழிபெயர்ப்பாளர்களின் கைவழியே நம்மிடம் வந்து சேர்ந்த இறக்குமதிச் சரக்கு என்றே நம்மில் பலரும் அதனைக் கருதுகிறோம். அந்தக் கருத்துக்கு உலகின் தலைமை நீதிமன்றத்தில் வரலாற்றுச் சான்று காட்ட வேண்டிய நாள் வந்தபோது, ஒரு நீதிபதி முதன்மையாக எடுத்து வைத்தது ஏரியைத்தான். நம்முடைய அம்பத்தூர் ஏரிக்கும் கொரட்டூர் ஏரிக்கும் உடன்பிறப்புகள் என்று சொல்லத்தக்க இலங்கைக் குளங்களை! அந்த நீதிபதியின் பணிவாழ்வையும், அவர் ஹேக் நகருக்கு எடுத்துச் சென்ற ஏரி நம் ஊருக்குத் திரும்பி வந்த வழியையும் சற்றே பின்தொடர்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆவடியில் ஒரு தீர்மானம்

'வளங்குன்றா' என்ற அடைமொழி வருவதற்கு முன் 'வளர்ச்சி' மட்டுமே இருந்தது. அதன் வரலாற்றில் நம் புறநகருக்கு ஓர் இடம் உண்டு. 1955 ஜனவரியில் இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு ஆவடியில், சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிடப்பட்ட வளாகத்தில் கூடியது. தலைவர் யு. என். தேபர், மாநிலத்தின் முதலமைச்சர் காமராசர். சோசலிச பாணிச் சமுதாயமே நாட்டுத் திட்டங்களின் இலக்கு என்று அறிவித்த புகழ்பெற்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்குவதற்கு ஓராண்டே இருந்த நேரம் அது.

தீர்மானம் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. நெல் விளைந்த ஊர்கள் கடைசல் எந்திரங்களின் ஊர்களாயின. அந்த வளர்ச்சியை நாம் இகழ்வதற்கில்லை. தொழிற்பேட்டையின் சங்கொலி கேட்டு எழுந்த குடும்பங்கள் எத்தனை! அங்கே வாங்கிய கூலியில் படித்து மேலே வந்த பிள்ளைகள் எத்தனை! அவர்களிற் சிலர்தாம் இன்று இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் தொழிற்பேட்டைக்கு இடம் தந்த நிலம் வெற்று நிலமன்று. அது ஏரிகளின் நிலம். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் அதன் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லும். கொரட்டூர் நிறைந்தால் மாதவரத்தை அடுத்த ரெட்டேரிக்குச் செல்லும். ஒன்றின் கலிங்கு வழியே வெளியேறுவது மற்றொன்றின் வரத்து. தெற்கே பூவிருந்தவல்லிப் பக்கம் சென்றால் செம்பரம்பாக்கம் ஏரி. அதன் உபரிநீர் அடையாற்றில் கலக்கிறது. பேராறு எதுவும் பாயாத தொண்டைமண்டலத்தில் மழையை மட்டும் நம்பி வேளாண்மை செய்தவர்கள், நிலத்தின் மிக மெல்லிய சரிவையும் கணக்கில் கொண்டு கோத்த சங்கிலி இது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழேயுள்ள ஊர் காயும், அல்லது மூழ்கும். மேலேயுள்ள ஏரியில் கழிவு கலந்தால் கீழேயுள்ள ஏரியும் கெடும். இந்த எளிய உண்மையை 1955இன் தீர்மானம் அறிந்திருக்கவில்லை. அன்றைய உலகில் எந்த நாட்டின் தீர்மானமும் அறிந்திருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அடைமொழி வந்த கதை

1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் மனிதச் சூழல் குறித்த ஐக்கிய நாடுகள் மாநாடு நடைபெற்றது. விருந்து கொடுத்த சுவீடனின் பிரதமரைத் தவிர்த்தால், அங்கே நேரில் வந்த அரசுத் தலைவர் இந்திரா காந்தி ஒருவரே. வறுமையை அப்படியே வைத்துக்கொண்டு சூழலைக் காக்கச் சொல்வது எப்படி நியாயமாகும் என்ற வினாவை அவர் எழுப்பினார். ஏழை நாடுகளின் வினா அது. ஆவடியின் வினா என்றும் சொல்லலாம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1976இல் செய்யப்பட்ட 42ஆவது திருத்தத்தின் மூலம், காடுகளையும் ஏரிகளையும் ஆறுகளையும் காப்பது குடிமகனின் கடமை என்று நம் அரசமைப்பில் எழுதப்பட்டது. 'ஏரிகள்' என்ற சொல் அங்கே வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது என்பதை வாசகர்கள் கருத வேண்டும்.

ஸ்டாக்ஹோமின் வினாவுக்கு விடை காண 1983இல் ஐ.நா. ஓர் ஆணையத்தை நிறுவியது. நார்வேயின் புருண்ட்லாந்து அம்மையார் தலைமை ஏற்ற அவ்வாணையத்தில் இந்தியாவின் சார்பில் நீதியரசர் நாகேந்திர சிங் இருந்தார். உணவுப் பாதுகாப்பு குறித்த அதன் ஆலோசனைக் குழுவுக்கு நம் கும்பகோணத்து எம். எஸ். சுவாமிநாதன் தலைமை வகித்தார். 1987இல் வெளிவந்த அறிக்கை, வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு நேராத வகையில் இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவு செய்துகொள்வதே வளங்குன்றா வளர்ச்சி என்று வரையறுத்தது. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் அதனைக் கோட்பாடுகளாக வகுத்தன.

ஆயினும் கோட்பாடு வேறு, சட்டம் வேறு. மாநாட்டில் கையொப்பமிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி அணை கட்டும் அரசை, 'நீ செய்தது சட்டமீறல்' என்று சொல்ல எவருக்கேனும் அதிகாரம் உண்டா? இவ்வினாவுக்கு விடை சொல்லும் பொறுப்பு இலங்கையர் ஒருவருக்கு வாய்த்தது.

வீரமந்திரி

கிறிஸ்டோபர் கிரெகரி வீரமந்திரி 1926 நவம்பர் 17 அன்று கொழும்பில் பிறந்தார். வழக்கறிஞராகத் தொழில் செய்து, 1967இல் இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியானார். ஐந்தே ஆண்டுகளில் அப்பதவியிலிருந்து விலகி, ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராகச் சேர்ந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே கற்பித்தார்.

அவருடைய பணிவாழ்வில் சூழல் ஒரு முழுநேரப் பொருளாக நுழைந்தது பசிபிக் பெருங்கடலின் ஒரு சிறு தீவின் வழியாக. நவுரு என்ற அத்தீவில் பாஸ்பேட் வளம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் நிர்வாகத்தில் அது இருந்த காலத்தில் பல பத்தாண்டுகளாகத் தோண்டி எடுத்துச் சென்றார்கள். வெளிநாட்டு வயல்கள் செழித்தன. தீவின் நடுப்பகுதியோ சுண்ணாம்புப் பாறை முனைகள் நீட்டி நிற்கும் பாழ்நிலமாயிற்று. அந்நிலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு யாருடையது என்று ஆராய நவுரு அரசு அமைத்த விசாரணை ஆணையத்துக்கு வீரமந்திரி தலைவரானார். அவ்விசாரணையைத் தொடர்ந்து, 1989இல் நவுரு ஆஸ்திரேலியாவை அனைத்துலக நீதிமன்றத்துக்கு இழுத்தது. சில ஆயிரம் பேர் வாழும் ஒரு தீவு ஒரு கண்டத்தின் மீது தொடுத்த வழக்கு! 1993இல் ஆஸ்திரேலியா இழப்பீட்டுக்கு உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டது. அதற்குள் வீரமந்திரி அதே நீதிமன்றத்தின் நீதிபதியாகிவிட்டார். ஆயினும் தாம் விசாரணை நடத்திய விவகாரம் என்பதால் அவ்வழக்கில் அவர் அமரவில்லை.

1991 முதல் 2000 வரை அவர் ஹேக் நகரில் பணியாற்றினார். இறுதி மூன்றாண்டுகள் நீதிமன்றத்தின் துணைத்தலைவர். 1995இல், பிரான்சின் அணுச் சோதனைகளுக்கு எதிராக நியூசிலாந்து கொணர்ந்த மனுவை நீதிமன்றம் தள்ளியபோது அவர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். இன்னும் பிறவாத தலைமுறையினருக்கும் உரிமைகள் உண்டு. அவர்கள் வந்து வழக்காட முடியாதாகையால் நீதிமன்றமே அவ்வுரிமைகளுக்கு அறங்காவலர் என்பது அவர் வாதம். 1996இல் அணு ஆயுதம் எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதமே என்று மீண்டும் மாறுபட்டார். இப்படித் தோற்ற பக்கத்தில் நின்று எழுதிப் பழகிய ஒருவரிடம்தான் டான்யூப் வழக்கு வந்தது.

டான்யூப் நதிக்கரையில்

ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் 1977இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. டான்யூப் நதியில் கப்சிகோவோ, நாஜ்மாரோஸ் என்ற ஈரிடங்களில் அணைகள் கட்டி மின்சாரம் எடுப்பது திட்டம். 1989இல், மக்கள் எதிர்ப்பு வலுத்த நிலையில், சூழல் கேட்டையும் குடிநீருக்கு நேரும் ஆபத்தையும் காட்டி ஹங்கேரி தன் பங்கு வேலையை நிறுத்தியது. 1992 மே மாதத்தில் உடன்படிக்கையையே முறித்தது. மறுதரப்பு காத்திருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் தன் எல்லைக்குள் நதியைத் திருப்பிவிட்டது. 1993இல் நாடு இரண்டாகப் பிரிந்து, வழக்கு சுலோவாக்கியாவின் தலையில் விழுந்தது.

1997 ஏப்ரலில் நீதிபதிகள் ஆற்றங்கரைக்கே சென்று பார்த்தார்கள். அந்நீதிமன்றத்தின் வரலாற்றில் இத்தகைய நேரடி ஆய்வு அதுவே முதன்முறை. செப்டம்பர் 25 அன்று தீர்ப்பு வந்தது. வேலையை நிறுத்த ஹங்கேரிக்கு உரிமையில்லை, நதியைத் திருப்ப மறுதரப்புக்கும் உரிமையில்லை, உடன்படிக்கை உயிரோடிருக்கிறது, இருவரும் உட்கார்ந்து பேசுங்கள் என்பது அதன் சாரம். பொருளாதார வளர்ச்சியையும் சூழல் காப்பையும் இணக்கப்படுத்தும் தேவையை 'வளங்குன்றா வளர்ச்சி' என்ற கருத்து நன்கு உணர்த்துகிறது என்று போகிற போக்கில் ஒரு வாக்கியமும் அதில் இருந்தது.

அந்த ஒரு வாக்கியம் வீரமந்திரிக்குப் போதவில்லை. தீர்ப்போடு உடன்பட்டுக்கொண்டே தனியாக ஒரு நீண்ட கருத்துரை எழுதினார். அதில் மூன்று செய்திகள் இருந்தன. வளங்குன்றா வளர்ச்சி வெறும் கருத்தன்று, நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டநெறி என்பது முதலாவது. சூழல் தாக்க மதிப்பீடு என்பது திட்டம் தொடங்குமுன் ஒருமுறை செய்து கோப்பில் கட்டி வைப்பதன்று. திட்டம் இயங்கும் காலமெல்லாம் தொடர்ந்து செய்யப்பட வேண்டுவது என்பது இரண்டாவது. உலகம் முழுமைக்கும் உரிய கடமைகளை இரு தரப்பின் சண்டையாக மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்க முடியாது என்பது மூன்றாவது.

முதலாவதை நிறுவ அவர் சென்ற வழிதான் நமக்கு வியப்பு. மாநாட்டுப் பிரகடனங்களோடு அவர் நிற்கவில்லை. இக்கோட்பாடு புதியதே அன்று. நிலத்தோடும் நீரோடும் நெடுங்காலம் வாழ்ந்த மக்கள் எல்லோரும் இதைக் கடைப்பிடித்தே வாழ்ந்தார்கள் என்று சொல்லி, முதற்சான்றாகத் தம் நாட்டின் குளங்களை எடுத்து வைத்தார்.

குளங்களின் சாட்சியம்

இலங்கையின் வறண்ட பகுதியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பெருகிய குளங்களை அவர் வகைபிரித்துக் காட்டினார். ஊருக்கு மேலே காட்டுக்குள் ஒரு குளம். அது வயலுக்கானதன்று, விலங்குகள் நீரருந்துவதற்கு. விலங்குக்குக் காட்டிலேயே நீர் கிடைத்தால் அது பயிருக்கு வராது அல்லவா? அடுத்து, வண்டலைத் தடுத்து நிறுத்தும் குளம். பெருங்குளம் தூர்ந்து போகாமல் காப்பது அதன் வேலை. அதன் பிறகே தேக்கும் குளமும் ஊர்க்குளங்களும். ஒரே அமைப்பில் வளர்ச்சியும் காப்பும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன.

மழைநீர் மக்களுக்குப் பயன்படாமல் கடலை அடையலாகாது என்ற கருத்தில் ஆணையிட்ட 12ஆம் நூற்றாண்டின் பராக்கிரமபாகுவை அவர் வளர்ச்சியின் சாட்சியாக நிறுத்தினார். பறவைக்கும் விலங்குக்கும் இந்நிலத்தில் சம உரிமை உண்டு, மன்னன் நிலத்தின் உடைமையாளன் அல்லன், காவலனே என்று தேவநம்பிய தீசனுக்கு மகிந்தர் செய்ததாகப் பௌத்த மரபு போற்றும் அறவுரையைக் காப்பின் சாட்சியாக நிறுத்தினார். இரண்டும் சேர்ந்ததே தம் மண்ணின் நெறி என்பது அவர் முடிவு. பாரசீகத்தின் நிலத்தடி வாய்க்கால்களையும், சீனத்தின் பழைய நீர்ப்பணிகளையும், ஆப்பிரிக்கப் பழங்குடிகளின் பாசன முறைகளையும் அடுத்தடுத்து அழைத்தார். டான்யூப் நதிக்கு நியாயம் சொல்ல உலகத்து ஏரிகளும் வாய்க்கால்களும் வரிசையில் வந்து நின்ற காட்சி அது.

இங்கே நமக்கு வேறொரு கதை நினைவுக்கு வருகிறது. 5ஆம் நூற்றாண்டில் கலாவெவ என்ற பெருங்குளத்தைக் கட்டியவன் தாதுசேனன். ஆட்சியைப் பறித்துக்கொண்ட மகன் காசியப்பன், மறைத்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்டு அவனை நெருக்கினான். தந்தை குளக்கரைக்கு அழைத்துப் போய், நீரில் இறங்கிக் கையால் அள்ளிக் காட்டி, தன் செல்வம் முழுவதும் இதுவே என்றானாம். சூளவம்சம் சொல்லும் கதை இது. குளத்தைச் செல்வம் என்று கண்ட தந்தைக்கும், செல்வம் வேறெங்கோ புதைந்திருக்கிறது என்று நம்பிய மகனுக்கும் இடையிலான வழக்கு இன்னும் முடியவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. சிங்களத்தில் 'வெவ', தமிழில் 'வாவி', பாலியில் 'வாபி'. கடல் நடுவே கிடந்தாலும் சொல்லும் நுட்பமும் இருகரைக்கும் பொதுவாகவே இருந்திருக்கின்றன.

நம் பக்கத்துச் சாட்சியம்

வீரமந்திரி தம் நாட்டுச் சான்றைத் தந்தார். தொண்டைமண்டலம் தன் பங்குக்கு எதைத் தந்திருக்கும்? உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைத் தந்திருக்கும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபை எழுதிவைத்த விதிகளில் ஏரிவாரியம் ஒன்று இருக்கிறது. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படும் அறுவர் ஓராண்டுக்கு ஏரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள். ஏரி என்பது கட்டி முடித்துவிடும் பொருளன்று, ஆண்டுதோறும் கண்காணித்துக் கணக்குக் கொடுக்க வேண்டிய பொருள் என்று அந்தச் சபை அறிந்திருந்தது. தொடர்ச்சியான சூழல் மதிப்பீடு என்று ஹேக்கில் வீரமந்திரி எழுதியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

ஆனால் பழம்பெருமை பேசி மகிழ்வதோடு நின்றுவிட்டால் நாம் வரலாறு எழுதியவர்கள் ஆகமாட்டோம். அந்தக் குடவோலையில் எல்லோர் பெயரும் எழுதப்படவில்லை. வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்ட ஆடவர்க்கே அந்தத் தகுதி. கரையில் மண் சுமந்தவர்கள் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. பிற்காலத்தில் குடிமராமத்து என்று நாம் போற்றும் ஊர்ப்பணியைச் சட்டத்தில் ஏற்றிய ஆங்கிலேயர், 1858இல் அச்சட்டத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பெயர் வைத்தனர். பெயர் உள்ளதைச் சொல்லிவிட்டது. யாருடைய உழைப்பு, யாருக்கு நீர் என்ற வினாவை இலங்கைக் குளங்களைப் பற்றியும் கேட்கலாம். வீரமந்திரியின் கருத்துரை அதைக் கேட்கவில்லை. பழைய முறையிலிருந்து நாம் மீட்க வேண்டியது கண்காணிப்பையும் கணக்கையும்தான். மேல் கீழ் என்ற வரிசையை அன்று.

ஏரி திரும்பி வந்த வழி

வீரமந்திரியின் கருத்துரை அவர் ஒருவருடையது. நீதிமன்றத்தின் பெரும்பான்மை அதை ஏற்றுக் கையொப்பமிடவில்லை. டான்யூப் பேச்சுவார்த்தையோ அதன் பின்னும் பல்லாண்டு இழுபட்டது. எனவே அது வீண் உழைப்பு என்று கருதிவிடலாம். ஆனால் 2000 ஜூனில் இலங்கையிலேயே ஒரு வழக்கு வந்தது. எப்பாவல என்ற ஊரில் பாஸ்பேட் தோண்டப் பன்னாட்டு நிறுவனம் ஒன்றோடு செய்யவிருந்த ஒப்பந்தத்தை எதிர்த்து உழவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். தாதுசேனன் காலத்ததாகச் சொல்லப்படும் ஜய கங்கைக் கால்வாய், கலாவெவவிலிருந்து அநுராதபுரம் வரை ஓடுவது, அத்திட்டத்தின் எல்லைக்குள் சிக்கியிருந்தது. நீதியரசர் அமரசிங்க, வீரமந்திரியின் கருத்துரையை எடுத்துக்காட்டி உழவர் பக்கம் தீர்ப்பளித்தார். குளங்கள் ஹேக்குக்குச் சென்று சாட்சி சொல்லிவிட்டு, தம்மைத் தாமே காத்துக்கொள்ள ஊர் திரும்பின!

இந்தியாவில் வேறொரு வாய்க்கால் வழியே நீர் வந்தது. டான்யூப் தீர்ப்புக்கு ஓராண்டு முன்பே, 1996 ஆகஸ்டில், பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர்க் குடிமக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் வளங்குன்றா வளர்ச்சியை நம் சட்டத்தின் பகுதியென ஏற்றது. முன்னெச்சரிக்கையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தலும் அதன் இரு கைகள் என்றது. தமிழ்நாட்டு ஆறொன்று நாடு முழுமைக்கும் ஈட்டித் தந்த சட்டம் இது. 2006இல், திருப்பதியை அடுத்த அவிலாலா, பேரூரு ஏரிகளின் வழக்கில், ஏரி மக்களுக்கு உரியது, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் எழும்பிவிட்ட வீடுகளை முற்றிலும் அகற்ற அதனால் இயலவில்லை. மேற்கொண்டு கட்டுவதைத் தடுக்கவே முடிந்தது. ஏரி ஸ்கீம்களின் இயல்பே அதுதானே! தமிழ்நாடும் 2007இல் ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் ஒன்றை இயற்றியது.

2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. அதன் 20ஆவது பிரிவு, தீர்ப்பாயம் வளங்குன்றா வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் ஆகிய நெறிகளைக் கைக்கொண்டே தீர வேண்டும் என்கிறது. ஸ்டாக்ஹோம், ரியோ, ஹேக், டெல்லி என்று சுற்றி வந்த தொடர், ஒரே வரியில் சட்டமாகி உட்கார்ந்துவிட்டது. அந்தத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குத்தான் கொரட்டூர் ஏரியின் வழக்கும் சென்றது. அம்பத்தூர்ப் பக்கத்துச் சாக்கடையும் ஆலைக்கழிவும் மழைநீர்க் கால்வாய் வழியே ஏரிக்குள் வருகின்றன என்பது ஊர்மக்களின் முறையீடு. ஒருகாலத்தில் மேலேரியின் உபரிநீர் வந்த வழியில் கழிவுநீர் வந்தது. சங்கிலி அறுபடவில்லை, சங்கிலியில் வருவதுதான் மாறிவிட்டது.

இரண்டு பருவங்கள்

இவையெல்லாம் படிப்பறையில் பேசும் சட்ட நுணுக்கங்கள் என்று எண்ணுவோருக்கு, நம் காலத்தின் இரண்டு பருவங்களை நினைவூட்டினால் போதும். 2015 டிசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் இருகரையும் மூழ்கின. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அது மனிதர் விளைவித்த பேரிடர் என்று கூறியது. நாலாண்டு கழியவில்லை, 2019 ஜூனில் அதே ஏரி வெடித்த சேற்றுத் தரையாகக் கிடந்தது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த இரவுகளை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே ஏரி, மிகுதியாலும் கெடுத்தது, குறைவாலும் வாட்டியது. ஏரியா குற்றவாளி? வரத்துக்காலையும் போக்குக்காலையும் மனையாக்கி விற்றுவிட்டு, கலிங்கின் பக்கம் ஆண்டுக்கொருமுறையும் எட்டிப் பார்க்காத நம்மை என்னவென்பது?

பழைய ஊர்களில் நீர்க்கட்டி என்றொருவர் இருந்தார். எந்த மதகை எப்போது எவ்வளவு திறப்பது என்பது அவருக்குத் தெரியும். மழைநாளில் இரவெல்லாம் கரையில் நடப்பது அவர் பணி. வயல்கள் போனபோது நீர்க்கட்டியும் போனார். அவர் இடத்தில் கோப்புகளும் துறைகளும் வந்தன. துறைகளுக்குள் ஏரி பங்கிடப்பட்டது. கரை ஒருவருக்கு, நீர் ஒருவருக்கு, கழிவு ஒருவருக்கு, நிலம் ஒருவருக்கு. முழு ஏரியையும் தன் பொறுப்பாகக் காண்பவர் ஒருவரும் இல்லை.

ஆகையால் கொரட்டூரில் ஏரிக்கரையில் நடந்து, கழிவு கலக்குமிடத்தைப் படமெடுத்து, நாள் குறித்து, தீர்ப்பாயத்தின் படியேறியவர்களை நாம் வெறும் மனுதாரர்களாகப் பார்க்கவில்லை. கல்லில் எழுதப்பட்ட ஏரிவாரியம் ஓர் ஊரின் ஒரு வகுப்பாருக்கு உரியதாக இருந்தது. இது குடவோலை இல்லாமல், நிலத்தகுதி கேளாமல், தானே கூடிய வாரியம். நீதிமன்றம் ஒரு நெறியை அறிவிக்கலாம். அந்நெறியின்படி நாள்தோறும் நீரைச் சோதித்துக் கணக்கெழுத ஹேக்கிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

வீரமந்திரி 2017 ஜனவரி 5 அன்று கொழும்பில் காலமானார். அவர் டான்யூப் அணையைத் தடுக்கவில்லை. அணு ஆயுதத்தை ஒழிக்கவும் முடியவில்லை. தம் மண்ணின் குளங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அவை சொன்னதை உலகச் சட்டத்தின் பதிவேட்டில் எழுதிவைத்தார். அவ்வளவே. அந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பது இலங்கையின் குளங்கள் மட்டுமல்ல, மழையை நம்பி வாழ்ந்த எல்லா ஊர்களின் ஏரிகளும்தாம். அம்பத்தூரும் கொரட்டூரும் செம்பரம்பாக்கமும் அவற்றுள் அடக்கம்.

அடுத்த முறை மின்தொடர் வண்டி கொரட்டூரைக் கடக்கும்போது வடக்குப் பக்கச் சன்னலை ஒருமுறை நோக்குங்கள். அங்கே இன்னும் நீர் இருக்கிறது.